காயம்பட்ட பூனைக்குட்டி கையில் இருக்கு: இப்ப என்ன செய்யணும்?

பால் ஊற்றுவதற்கு முன், மஞ்சள் பூசுவதற்கு முன், வீட்டில் இருக்கும் பனாடோலை உடைப்பதற்கு முன், இதை ஒரு தடவை படிச்சிடுங்க.

ஈப்போவில் சாப்பாட்டுக் கடைக்குப் பின்னால் லொங்காங்கில் ஒரு மெல்லிய சத்தம். இல்லைன்னா சுங்கை சிப்புட் பக்கம் பழைய தோட்டத்து ரோட்டில், மோட்டார் தட்டிவிட்டுப் போன ஒரு குட்டி. பேராக்கில் வளர்ந்த யாருக்கும் இது புதுசு இல்லை. ரப்பர் தோட்டங்கள் பல இன்று செம்பனையாகவும் தாமானாகவும் மாறிவிட்டன. லயத்து ஆட்கள் டவுனுக்குப் போன இடங்களில்கூட பூனைகள் இருக்கின்றன, குட்டி போடுகின்றன.

சரி, பார்த்தீங்க, மனசு கேட்கல, தூக்கிட்டு வந்துட்டீங்க. நல்ல காரியம். ஆனால் ஒன்றைத் தெரிஞ்சுக்கணும். மீட்கப்படும் குட்டிகள் காயத்தால் மட்டும் சாவதில்லை. குளிரால் சாகின்றன. மூச்சுக்குழாய்க்குள் போன பாலால் சாகின்றன. மனிதர்களுக்கான மருந்தால் சாகின்றன. இந்த மூன்றும் பெரும்பாலும் வீட்டுக்கு வந்த பிறகு நடப்பவை. மூன்றையும் உங்களால் தடுக்க முடியும்.

தூக்குவது எப்படி?

வலியில் இருக்கும் குட்டி, தனக்கு உதவ வந்தவரையும் கடிக்கும். வெறும் கையால் பிடிக்காதீங்க. பழைய துவாலையையோ கைலியையோ மேலே போட்டு, உடம்பு முழுவதையும் சுற்றி எடுங்க. வண்டியில் அடிபட்டது என்றால் முதுகெலும்போ இடுப்பெலும்போ உடைந்திருக்கலாம். அப்படிச் சந்தேகம் இருந்தால் தட்டையான அட்டை மேல் மெதுவாக நகர்த்தி, அட்டையோடு தூக்குங்க. மூடியில் காற்றுத் துளை போட்ட கார்ட்டன் பெட்டி போதும்.

வெளிக்காயம் எதுவும் இல்லாமல், கொழுகொழுவென்று, சத்தம் மட்டும் போடும் குட்டியாக இருந்தால் உடனே எடுக்க வேண்டாம். தாய் இரை தேடப் போயிருக்கலாம். தள்ளி நின்று சில மணி நேரம் கவனியுங்க. காயம், புழு, ரத்தம், ஜில்லென்ற உடம்பு, இதில் ஏதாவது ஒன்று இருந்தால் காத்திருக்கக் கூடாது.

முதல் ஒரு மணி நேரம்: சூடு முதலில், சாப்பாடு பிறகு

எல்லாருக்கும் முதலில் தோன்றுவது, "பாவம், பசிக்கும்" என்பதுதான். இங்கேதான் தப்பு நடக்கிறது.

பெரிய பூனையின் சாதாரண உடல் வெப்பம் சுமார் 38 முதல் 39 டிகிரி செல்சியஸ். சின்னக் குட்டிகளால் தங்கள் உடம்புச் சூட்டைத் தாங்களே காத்துக்கொள்ள முடியாது. மழையில் நனைந்த குட்டிக்கு, நம்ம ஊர் வெயிலிலும் உடம்பு ஜில்லிட்டுப் போகும். உடம்பு குளிர்ந்தால் குடல் வேலை செய்வது குறையும், விழுங்கும் சக்தியும் குறையும். அந்த நேரத்தில் வாயில் ஊற்றும் பால் வயிற்றில் செரிக்காமல் கிடக்கும், அல்லது நுரையீரலுக்குள் போய்விடும்.

அதனால் முதலில் ஈரத்தைத் துடைங்க. ஒரு பிளாஸ்டிக் பாட்டிலில் வெதுவெதுப்பான தண்ணீர் நிரப்பி, துணி சுற்றி, பெட்டியின் ஒரு பக்கத்தில் மட்டும் வைங்க. மறுபக்கம் சும்மா இருக்கட்டும். சூடு அதிகமானால் குட்டி நகர்ந்து போக இடம் வேண்டும். கொதிக்கும் தண்ணீர் வேண்டாம். ஹேர் டிரையரைப் பக்கத்தில் பிடிக்க வேண்டாம், தோல் வெந்துவிடும். பெட்டியை இருட்டான, சத்தமில்லாத அறையில் வைங்க.

அடிபட்ட குட்டிக்கு டாக்டர் பார்க்கும்வரை வாய்வழியாக எதுவும் கொடுக்காமல் இருப்பது நல்லது. மயக்க மருந்து தேவைப்பட்டால் வயிற்றில் இருக்கும் உணவே ஆபத்தாகும்.

எதெல்லாம் உடனே ஓட வேண்டிய நிலை?

கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் "காலையில் பார்த்துக்கலாம்" என்று விடாதீங்க:

• வாயைத் திறந்து மூச்சு விடுவது, அல்லது வயிறு ஏறி இறங்க மூச்சு வாங்குவது
• ஈறு வெளுத்தோ, நீலமாகவோ இருப்பது. ஈறை விரலால் அழுத்தி விட்டால் 2 வினாடிக்குள் பழைய நிறம் திரும்ப வேண்டும்
• அழுத்திப் பிடித்தும் நிற்காத ரத்தம்
• பின்னங்கால்கள் இழுபடுவது, வால் உயிரில்லாமல் தொங்குவது
• காயத்தில் புழு, அல்லது அரிசிக் குருணை மாதிரி ஒட்டியிருக்கும் வெள்ளை முட்டைகள்
• கூப்பிட்டாலும் தொட்டாலும் அசையாமல் கிடப்பது

தோட்டப் பகுதியில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ராத்திரியில் பக்கத்து டவுன் கிளினிக் மூடியிருக்கலாம், ஈப்போவரை வர வேண்டியிருக்கலாம். எந்த கிளினிக் எத்தனை மணிவரை திறந்திருக்கும் என்று இப்பவே கேட்டு, நம்பரைப் போனில் சேமிச்சு வைங்க. கிளம்பும் முன் போன் பண்ணிச் சொல்லுங்க. இன்னொன்று: இணையத்தில் தேடினால் ஈப்போவில் இருக்கும் கால்நடை ஆராய்ச்சிக் கழகத்தின் பெயரும் வரும். அது நோய்களை ஆராயும் ஆய்வுக்கூடம், அடிபட்ட குட்டியைக் கொண்டுபோகும் கிளினிக் கிடையாது.

வீட்டு வைத்தியம்: கை வைக்கவே கூடாதவை

பாட்டி காலத்திலிருந்து நம்ம வீட்டில் இருக்கும் பல பொருட்கள் நமக்கு மருந்து, பூனைக்கு விஷம். காரணம் எளிமையானது. மனிதனின் கல்லீரல் உடைத்து வெளியேற்றும் சில பொருட்களைப் பூனையின் கல்லீரலால் சரியாக உடைக்க முடியாது. அதற்குத் தேவையான நொதி அதனிடம் மிகக் குறைவு. அதோடு, பூனை உடம்பை நக்கும். தோலில் பூசியது வயிற்றுக்குள் போய்விடும்.

பனாடோல்: ஒரே ஒரு மாத்திரை வளர்ந்த பூனையையே கொன்றுவிடும். குட்டிக்குச் சின்னத் துண்டே போதும். ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் சக்தியை இழக்கும், ஈறு பழுப்பு நிறமாகும், முகம் வீங்கும். ஆஸ்பிரின், ஐபுபுரோஃபென் போன்ற வலி மாத்திரைகளும் வேண்டவே வேண்டாம். யாராவது தெரியாமல் கொடுத்திருந்தால் அறிகுறிக்குக் காத்திருக்காமல் கிளினிக்குக் கொண்டு போங்க, என்ன கொடுத்தது என்று மறைக்காமல் சொல்லுங்க. மாற்று மருந்து இருக்கிறது, நேரம்தான் முக்கியம்.

டெட்டால்: அதில் இருக்கும் கிருமிநாசினி பூனைகளுக்கு நச்சு.

கோடாலித் தைலம், யூகலிப்டஸ் எண்ணெய், கற்பூரம்: வாசனையே குட்டியின் மூச்சைப் பாதிக்கும், நக்கினால் இன்னும் மோசம்.

மஞ்சள், காப்பித் தூள், சாம்பல்: ரத்தம் நிற்கிற மாதிரி தெரியும். உள்ளே அழுக்கு அடைந்து, டாக்டர் காயத்தைப் பார்க்கவே முடியாமல் போகும். ரத்தத்தை நிறுத்தச் சுத்தமான துணியை வைத்து 5 நிமிடம் எடுக்காமல் அழுத்துங்க.

நாய்க்கான உண்ணி மருந்து: பெர்மெத்ரின் கலந்தது என்றால் குட்டிக்கு வலிப்பு வரும், உயிரே போகலாம்.

மேலோட்டமான சிராய்ப்பு என்றால் உப்புத் தண்ணீர் போதும். அரை லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் ஒரு தட்டையான டீஸ்பூன் உப்பு கலந்து, காயத்தின் மேல் மெதுவாக ஊற்றிக் கழுவுங்க. தேய்க்க வேண்டாம். புழு வைத்த காயம் வேறு கதை. நம்ம நாட்டில் உயிருள்ள சதையையே தின்னும் ஈப் புழு உண்டு. முட்டை ஒரு நாளுக்குள்ளேயே பொரிந்து, புழு உள்ளே துளைத்துக்கொண்டு போகும். மேலே தெரிவதை எடுத்துவிட்டால் முடிந்தது என்று நினைக்காதீங்க, உள்ளே எவ்வளவு ஆழம் என்று டாக்டர்தான் பார்க்க முடியும்.

என்ன கொடுக்கலாம், எவ்வளவு?

அதற்கு முதலில் வயசு தெரியணும். கண் திறக்கவே இல்லை என்றால் சுமார் 10 நாளுக்குள். கண் திறந்து தள்ளாடி நடந்தால் 2 முதல் 3 வாரம். ஓடி விளையாடும் குட்டி, எடை 450 கிராம் பக்கம் என்றால் சுமார் ஒரு மாதம். 

மாட்டுப் பாலும் டின் பாலும் வேண்டாம். அதிலுள்ள லாக்டோஸ் செரிக்காமல் வயிற்றுப்போக்கு வரும், சின்ன உடம்பு ஒரே நாளில் வற்றிப்போகும். பெட் ஷாப்பிலும் கிளினிக்கிலும் பூனைக்குட்டிக்கான பால் மாவு கிடைக்கும். 2 வாரத்துக்குள் இருக்கும் குட்டிக்கு 2, 3 மணி நேரத்துக்கு ஒரு தடவை, ராத்திரியிலும். 3 வாரத்துக்கு மேல் 4 முதல் 6 மணி நேரத்துக்கு ஒரு தடவை. 4 வாரத்துக்கு மேல் ஈரமான குட்டி உணவைத் தட்டில் வைத்துப் பழக்கலாம்.

மனிதக் குழந்தை மாதிரி மல்லாக்கப் படுக்க வைத்து ஊட்டாதீங்க. தாயிடம் குடிப்பது போல் வயிறு கீழே இருக்க, தலை லேசாக நிமிர்ந்திருக்கணும். சிரிஞ்சை அழுத்திப் பீய்ச்சாமல், அது உறிஞ்சும் வேகத்துக்கு விடுங்க. மூக்கு வழியாகப் பால் வந்தால் உடனே நிறுத்துங்க.

3 வாரத்துக்குள் இருக்கும் குட்டி தானாகச் சிறுநீர் போகாது. தாய் நக்கித்தான் வர வைக்கும். ஒவ்வொரு தடவை பால் கொடுத்ததும் வெதுவெதுப்பான ஈரப் பஞ்சால் பின்பக்கத்தை மெதுவாகத் தடவுங்க. இதை விட்டுவிட்டு, "நல்லாத்தானே குடிச்சுது, எப்படி செத்துச்சு?" என்று கேட்பவர்கள் நிறைய பேர்.

கிச்சன் தராசு ஒன்று இருந்தால் தினமும் ஒரே நேரத்தில் எடை பாருங்க. ஆரோக்கியமான குட்டி ஒரு நாளைக்கு 10 முதல் 15 கிராம் ஏறும். எடை இறங்கினால், பார்க்க நன்றாக இருந்தாலும் டாக்டரிடம் சொல்லுங்க.

கூண்டு கொடுமையா?

எலும்பு முறிந்த குட்டிக்குக் கூண்டுதான் மருந்து. குட்டிகளின் எலும்பு வேகமாகக் கூடும். இடுப்பெலும்பு முறிவுகள் சில, அறுவை சிகிச்சை இல்லாமல், 4 முதல் 6 வாரக் கூண்டு ஓய்விலேயே சரியாகும். எது அப்படி ஆறும், எதற்குத் தகடு வேண்டும் என்பதை எக்ஸ்ரே பார்த்துத்தான் சொல்ல முடியும். கடினமான கட்டம் இரண்டாவது வாரம். வலி குறைந்து குட்டி குதிக்க ஆரம்பிக்கும், "பாவம், கொஞ்ச நேரம் விடலாமே" என்று வீட்டில் யாராவது திறந்து விடுவாங்க. கூடிவரும் எலும்பு அப்போதுதான் விலகும்.

இந்த நாட்களில் தினமும் பார்க்க வேண்டியது சிறுநீர். 24 மணி நேரம் போகவில்லை என்றால் அவசரம். வால் மேல் சக்கரம் ஏறி இழுபட்ட குட்டிகளுக்குச் சிறுநீர்ப்பை நரம்பும் பாதிக்கப்பட்டிருக்கலாம். அப்போது பையை அழுத்தி வெளியேற்ற டாக்டர் உங்களுக்குச் சொல்லிக் கொடுப்பார். பல குட்டிகளுக்கு ஒரு மாதத்துக்குள் கட்டுப்பாடு திரும்பிவிடும்.

தோட்டப் பக்கம் என்றால்: எலி மருந்து

செம்பனைத் தோட்டங்களில் எலியைக் கட்டுப்படுத்த விஷ உருண்டைகள் வைப்பது வழக்கம். அதைத் தின்ற எலியைப் பூனை தின்றால் அதற்கும் பாதிப்பு வரலாம். இந்த விஷம் ரத்தம் உறைவதைத் தடுக்கும். உடனே தெரியாது, சில நாட்கள் கழித்து ஈறில் ரத்தம், தோலுக்கடியில் நீலத் திட்டு, சோர்வு வரும். அடிபட்ட அடையாளமே இல்லாமல் ரத்தம் கசிந்தால், எந்த இடத்தில் எடுத்தீங்க என்று டாக்டரிடம் சொல்லுங்க. சரியான நேரத்தில் கொண்டு வந்தால் வைட்டமின் கே1 கொடுத்துக் காப்பாற்றலாம்.

உங்களையும் பார்த்துக்கோங்க

கடித்தாலோ பிராண்டினாலோ சோப்பும் ஓடும் தண்ணீரும் வைத்து 15 நிமிடம் கழுவி, கிளினிக்குப் போங்க. மலேசியாவில் 2015-இல் பெர்லிஸ், கெடா, பினாங்கிலும் 2017 முதல் சரவாக்கிலும் வெறிநாய்க்கடி நோய் பதிவாகியிருக்கிறது. அதனால் "சின்னக் குட்டிதானே" என்று விட வேண்டாம்.

மூக்கிலும் பாதத்திலும் ஆறவே ஆறாத புண் இருந்தால் ஸ்போரோட்ரிகோசிஸ் என்ற பூஞ்சை நோயாக இருக்கலாம். மலேசியப் பூனைகளிடம் காணப்படும் இது, மனிதருக்கும் தொற்றும். கையுறை போடாமல் தொடாதீங்க. கர்ப்பிணிகள் பூனையின் கழிவு மணலைச் சுத்தம் செய்ய வேண்டாம். வீட்டில் வேறு பூனை இருந்தால் புதுக் குட்டியை 2 வாரமாவது தனி அறையில் வைங்க.

காசு, சட்டம், கடினமான முடிவு

சிகிச்சை தொடங்கும் முன் "பரிசோதனைக்கு எவ்வளவு, எக்ஸ்ரேக்கு எவ்வளவு, எது அவசரம், எது காத்திருக்கலாம்?" என்று நேராகக் கேளுங்க. இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. மாநிலக் கால்நடைச் சேவைத் துறையிடமும், ஈப்போ விலங்குவதைத் தடுப்புச் சங்கத்திடமும் முதலில் போன் பண்ணிக் கேட்கலாம். நண்பர்கள் நாலு பேர் பங்கு போட்டுக்கொள்வதும் நம்ம ஊரில் நடப்பதுதான்.

காயம் மனிதர் வேண்டுமென்றே செய்தது போல் தெரிந்தால், கழுவும் முன் போட்டோ எடுத்து, இடம், நேரம் குறித்து, கால்நடைச் சேவைத் துறையில் புகார் கொடுங்க. 2015 விலங்கு நலச் சட்டப்படி வதைக்கு 20,000 முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது 3 ஆண்டுவரை சிறை, அல்லது இரண்டும் கிடைக்கலாம். சட்டம் ஏட்டோடு நிற்கவில்லை. 2018-இல் கோம்பாக்கில் ஒரு சலவைக் கடை உலர்த்தியில் பூனை போட்டுக் கொல்லப்பட்ட வழக்கில், குற்றவாளி ஒருவருக்கு 34 மாதச் சிறையும் 40,000 ரிங்கிட் அபராதமும் விதிக்கப்பட்டன.

எல்லாம் செய்தும் சில குட்டிகள் பிழைக்காது. முதுகுத்தண்டு முழுதாக அறுந்த குட்டிக்கு, வலியில்லாமல் கண் மூட விடுவதுதான் நல்லது என்று டாக்டர் சொல்லலாம். கேள்வி கேளுங்க, இன்னொரு டாக்டரின் கருத்தையும் கேளுங்க. அதற்குப் பிறகு சரி என்று சொன்னால், அது கைவிடுவது ஆகாது.

பிழைத்துவிட்டால்?

6 முதல் 8 வார வயதில் முதல் தடுப்பூசி, பிறகு 3, 4 வார இடைவெளியில் 16 வாரம்வரை அடுத்தவை. குடற்புழு மருந்து. 4 மாதம் வாக்கில் கருத்தடை. கடைசியாகச் சொன்னதைத்தான் பலர் தள்ளிப்போடுறாங்க. பெண் பூனை 4, 5 மாதத்திலேயே சினைப்படலாம். தள்ளிப்போட்டால் அடுத்த வருடம் அதே லொங்காங்கில் இன்னும் நாலு குட்டிகள் கத்தும்.

வளர்க்க முடியாது என்றால் நல்ல வீடு தேடிக் கொடுங்க. எடுத்த இடத்திலேயே, ரோட்டோரத்தில், திரும்ப விட்டுவிடாதீங்க.