நடந்து செலவழித்ததைத் திருப்பிச் சாப்பிடலாமா?

சென்ற மாதம் கிளிநொச்சி மாவட்டத்தின் கிராமமொன்றில் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கக் கூட்டம் முடிந்து பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தோம். அப்போது ஒரு சகோதரி என்னருகே வந்து அமர்ந்தார். வயது 47. 2009 இல் கணவரை இழந்தவர். இரண்டு பிள்ளைகளைத் தனியே வளர்த்து ஆளாக்கியவர். சீனி வருத்தம் தொடங்கும் நிலையில் இருக்கிறது, ஐந்து கிலோவாவது நிறை குறைய வேண்டும் என்று கிளினிக்கில் கூறியிருக்கிறார்கள். அவரது கையில் கனடாவிலுள்ள தம்பி அனுப்பிய புதுவகை மணிக்கூடு ஒன்று இருந்தது.

“மிஸ், ஒவ்வொரு நாளும் பின்னேரம் அரை மணித்தியாலம் நடக்கிறன். 200 கலோரி எரிஞ்சது எண்டு இந்த மணிக்கூடு காட்டுது. அந்த 200ஐத் திருப்பிச் சாப்பிடலாம்தானே? ஆனா மூண்டு மாதமா நிறை இறங்கேல்லை” என்றார்.

பக்கத்தில் நின்ற இன்னொரு சகோதரி வயல் கூலி வேலைக்குச் செல்பவர். “எனக்கும் நிறையைக் குறைக்கச் சொன்னவை. நாள் முழுக்க வயலிலை குனிஞ்சு நிமிருறன். வேலை செய்தது வேலையோட போகட்டும் எண்டு இரவுச் சாப்பாட்டை விட்டிட்டன். இப்ப தலை சுத்துது மிஸ்” என்றார்.

இருவரும் கேட்டது ஒரே கேள்விதான். உடல் உழைப்பில் செலவான சக்தியை உணவாகத் திருப்பி எடுக்க வேண்டுமா, வேண்டாமா? ஆனால் இருவருக்கும் ஒரே பதில் பொருந்தாது.

கணக்கு எங்கே பிழைக்கிறது?

உணவு தரும் சக்தியையும் உடல் செலவிடும் சக்தியையும் கலோரி என்ற அலகால் அளக்கிறார்கள். செலவைவிட வரவு கூடினால் மிகுதி கொழுப்பாகச் சேரும். வரவு குறைந்தால் சேர்ந்த கொழுப்புக் கரையும். ஒரு கிலோ கொழுப்புக் கரைய ஏறக்குறைய 7,700 கலோரி பற்றாக்குறை வேண்டும்.

60 கிலோ நிறையுள்ள ஒரு பெண் அரை மணித்தியாலம் சற்று விரைவாக நடந்தால் செலவாவது சுமார் 105 கலோரிதான். அதிலும் 30 கலோரி அவர் சும்மா இருந்திருந்தாலும் செலவாகியிருக்கும். ஆக, நடையால் கூடுதலாகச் செலவானது 75 கலோரி அளவே.

இனி வரவைப் பாருங்கள். நடந்து வந்த களைப்புக்கு இரண்டு மேசைக்கரண்டி பால்மாவும் இரண்டு தேக்கரண்டி சீனியும் போட்ட தேநீர், கூடவே நான்கு மாரி பிஸ்கற். இவை மட்டுமே 200 கலோரியைத் தாண்டும். 75 செலவுக்கு 200 வரவு. நிறை இறங்காததில் வியப்பென்ன?

மணிக்கூடு காட்டும் இலக்கத்தையும் அப்படியே நம்ப முடியாது. 2017 இல் அமெரிக்காவின் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இத்தகைய ஏழு கருவிகளைச் சோதித்தார்கள். இதயத் துடிப்பைப் பெரும்பாலானவை ஓரளவு சரியாகக் காட்டின. கலோரியை ஒன்றுகூடச் சரியாகக் காட்டவில்லை. மிகத் திருத்தமான கருவியே சராசரியாக 27 வீதம் பிழைத்தது.

இன்னொரு பிழையும் நேர்கிறது. கிளினிக்கில் உணவு அட்டவணை தரும்போது, “நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள், நடக்கிறீர்களா?” என்று கேட்டே பெரும்பாலும் அளவைத் தீர்மானிக்கிறார்கள். அதாவது உங்கள் நடை அந்தக் கணக்கினுள் ஏற்கெனவே வந்துவிட்டது. அதற்காக மீண்டும் மேலதிகமாக உண்பது ஒரே வேலைக்கு இரண்டு முறை சம்பளம் எடுப்பது போன்றது.

ஆய்வுகள் கூறுவது என்ன?

கனடாவின் ஒட்டாவா பல்கலைக்கழகத்தில் 16 பேரை நடக்க வைத்து, எவ்வளவு சக்தி செலவானது என்று கேட்டார்கள். உண்மையான அளவைப் போல மூன்று நான்கு மடங்கு கூறினார்கள். செலவானதற்குச் சமமாக உண்ணுங்கள் என்றபோது இரண்டு மூன்று மடங்கு உண்டார்கள். 2010 இல் வெளியான இந்த முடிவு எங்களுக்கும் பொருந்தும். களைப்பை வைத்துக் கலோரியை மதிப்பிட முடியாது.

2009 இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், மாதவிடாய் நின்ற, நிறை கூடிய 411 பெண்கள் பங்குபற்றினார்கள். சிலர் பயிற்சி செய்யவில்லை. ஏனையோர் மூன்று அளவுகளில் ஆறு மாதம் பயிற்சி செய்தார்கள். குறைவாகவும் நடுத்தரமாகவும் பயிற்சி செய்தவர்களின் நிறை கணக்கிட்டபடியே குறைந்தது. மிகக் கூடுதலாகச் செய்தவர்களுக்கு 2.7 கிலோ குறைய வேண்டிய இடத்தில் 1.5 கிலோவே குறைந்தது. பயிற்சி கூடும்போது, நாம் அறியாமலே உணவு கூடுவதும் மற்ற நேரத்தில் அசைவு குறைவதும் இதற்குக் காரணமாகலாம். ஆனால் பயிற்சி செய்த மூன்று குழுவினருக்கும் இடுப்புச் சுற்றளவு குறைந்தது. எனவே தராசு அசையாவிட்டாலும் நடை வீண்போவதில்லை.

பசியின் நினைவு

நாங்கள் வெறும் கணக்கினால் உண்பவர்கள் அல்லர். 2009 இன் முதல் மாதங்களில் வன்னியில் கஞ்சியோடு நாட்களைக் கடத்திய ஒரு தாய், பிள்ளையின் கோப்பையில் மிஞ்சிய சோற்றைக் கொட்ட மாட்டார். தானே உண்டுவிடுவார். முகாமில் வரிசையில் நின்று உணவு வாங்கியவருக்கு, “சாப்பாட்டைக் குறையுங்கள்” என்ற சொல் அந்த நாட்களையே நினைவூட்டும். இதில் வெட்கப்பட எதுவுமில்லை.

ஆனால் இதனால் இரண்டு தவறுகள் நேர்கின்றன. சிலர் உணவை நடைக்குக் கூலியாக எடுத்துக்கொள்கிறார்கள். சிலர் பட்டினியைத் தண்டனையாக ஏற்கிறார்கள். இரண்டுமே உடலுக்கு உதவா. மிஞ்சியதை உண்ணும் பழக்கம் இருந்தால், முதலிலேயே சோற்றைக் குறைத்துப் போட்டு, கேட்டால் மீண்டும் போடலாம். அப்போது கொட்டவும் வேண்டாம், வயிற்றில் ஏற்றவும் வேண்டாம்.

யார் கட்டாயம் சாப்பிட வேண்டும்?

வயலில் நாற்று நடுபவர், களை பிடுங்குபவர், கல் சுமப்பவர், நீண்ட தூரம் சைக்கிள் மிதிப்பவர் ஆகியோரின் நிலை வேறு. 55 கிலோ நிறையுள்ள பெண் ஆறு மணித்தியாலம் வயலில் கடுமையாக உழைத்தால், சும்மா இருப்பதைவிட 800 முதல் 1,000 கலோரி வரை கூடுதலாகச் செலவாகலாம். அதைத் திருப்பி எடுக்காமல் இரவுணவையும் விட்டால் கொழுப்பு மட்டுமல்ல, தசையும் கரையும். தலைச்சுற்று, கடும் சோர்வு, நித்திரையின்மை, மாதவிடாய் பிந்துதல் அல்லது நிற்றல் ஆகியவை கவனிக்க வேண்டிய அறிகுறிகள். இவற்றுக்கு இரத்தச்சோகை போன்ற வேறு காரணங்களும் இருக்கலாம். ஆகவே வைத்தியரிடம் காட்டுங்கள்.

தாய்ப்பால் கொடுப்பவருக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 500 கலோரி மேலதிகமாகத் தேவை. கர்ப்பிணிகள் நிறை குறைக்க முயலக் கூடாது.

இன்சுலின் ஏற்றுபவர்களும் கிளிக்லசைட் போன்ற மாத்திரை எடுப்பவர்களும் வெறுவயிற்றில் நீண்ட தூரம் நடக்கக் கூடாது. வியர்த்து, நடுங்கி, கண் இருண்டால் உடனே உட்கார்ந்து மூன்று தேக்கரண்டி சீனியை நீரில் கரைத்துக் குடியுங்கள். அந்த நேரத்தில் நிறையைப் பற்றி யோசிக்க வேண்டாம். நடக்கும்போது சிறிது சீனியைக் கையோடு வைத்திருங்கள்.

செயற்கைக்காலோடு நடப்பவருக்கு அதே தூரத்துக்குக் கூடுதல் சக்தி செலவாகும். நிறை மாறினால் செயற்கைக்காலின் பொருத்தமும் மாறும். உரசலோ புண்ணோ கண்டால் நடையை நிறுத்திவிட்டு, செயற்கைக்கால் பொருத்தும் நிலையத்தில் காட்டுங்கள்.

என்ன செய்யலாம்?

* அரை மணித்தியாலம், முக்கால் மணித்தியால நடைக்காகத் தனியே எதுவும் உண்ண வேண்டாம். தண்ணீர் போதும். நடையை இரவுணவுக்குச் சற்று முன்னர் வைத்துக்கொண்டால் இடையில் பசிக்காது.

* ஒரு மணித்தியாலத்துக்கு மேல் கடுமையாக உழைத்து உண்மையாகவே பசித்தால் உண்ணுங்கள். கூடுதலாகச் செலவானதில் பாதியளவு முதலில் போதுமானது. நாள் முழுதும் வயல்வேலை செய்பவர் மூன்று வேளையும் உண்ணத்தான் வேண்டும். பிஸ்கற், வடை, சோடா வேண்டாம். அவித்த கடலை, கௌபி, பயறு, முட்டை, இலைக்கஞ்சி நல்லவை.

* சோற்றுக் கோப்பையில் பாதி மரக்கறியும் கீரையும் இருக்கட்டும். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் ஏறக்குறைய 120 கலோரி உண்டு. பொரிப்பதைக் குறைப்பது நடைக்குச் சமமான பலன் தரும்.

* மாதம் ஒருமுறை கிளினிக்கில் நிறை பாருங்கள். வீட்டில் அளவு நாடாவால் இடுப்பைச் சுற்றி அளந்து எழுதி வையுங்கள். எங்கள் நாட்டுப் பெண்களுக்கு 80 சென்ரிமீற்றருக்குக் கீழே இருப்பது நல்லது.

* அவசரப்படாதீர்கள். நாளொன்றுக்கு 75 கலோரி வீதம் 100 நாள் நடந்து, அதைத் திருப்பி உண்ணாவிட்டால் ஏறக்குறைய ஒரு கிலோ குறையலாம். உணவிலும் சிறிது குறைத்தால் விரைவாகும்.

இந்த மாதக் கூட்டத்துக்கு இரு சகோதரிகளும் வந்திருந்தார்கள். முதலாமவர் நடந்து வந்தபின் குடிக்கும் பால்தேநீரை நிறுத்திவிட்டார். நிறை அரைக் கிலோ இறங்கியிருக்கிறது. மணிக்கூட்டை இப்போது நேரம் பார்க்க மட்டும் கட்டுகிறாராம். இரண்டாமவர் இரவில் ஒரு கோப்பை பிட்டும் கீரையும் பயற்றங்கறியும் சாப்பிடுகிறார். தலைச்சுற்றுக் குறைந்திருக்கிறது. குருதிப் பரிசோதனைக்கு அடுத்த வாரம் போகிறார். அவரது நிறை இன்னும் இறங்கவில்லை. அதைப் பிறகு பார்ப்போம் என்று சொல்லியிருக்கிறேன். முதலில் அவர் வயலில் விழாமல் நிற்க வேண்டும்.

சகோதரிகளே, எத்தனையோ பேருக்கு உலை வைத்த கைகள் உங்களுடையவை. உங்கள் கோப்பையிலும் உங்களுக்குத் தேவையான அளவைப் போட்டுக்கொள்ளுங்கள். கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம்.