ஸ்டீராய்டு தொடங்கும் முன் புழுப் பரிசோதனை... ஏன் முக்கியம்?

முடக்குவாதம், லூபஸ், சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை... இப்படிப் பல காரணங்களுக்காக ஸ்டீராய்டு போன்ற நோய் எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மருந்துகளை எடுப்பவர்கள் நம்மிடையே நிறைய பேர். சுகர் ஏறும், எலும்பு பலவீனமாகும் என்பதெல்லாம் பலருக்கும் தெரியும். ஆனா, குடலில் சத்தமில்லாமல் இருக்கும் ஒரு புழு, இந்த மருந்துகளால் உயிருக்கே உலை வைக்கலாம் என்பது தெரியுமா?

அது என்ன புழு?

பெயர் ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ். நீளம் சுமார் 2 மில்லிமீட்டர்தான். மண்ணில் இருக்கும் இதன் லார்வாக்கள், வெறுங்காலோடு நடப்பவர்களின் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். உலகில் 30 முதல் 60 கோடி பேருக்கு இந்தத் தொற்று இருக்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பு.

மற்ற குடல் புழுக்களிலிருந்து இது மாறுபடுவது ஒரு விஷயத்தில். வெளியே போகாமல், நம் உடலுக்குள்ளேயே அடுத்த தலைமுறையை உருவாக்கிக்கொள்ளும். இரண்டாம் உலகப் போரில் தாய்லாந்து - பர்மா ரயில் பாதை வேலையில் சிக்கிய பிரிட்டிஷ் போர்க்கைதிகள் சிலருக்கு, ஊர் திரும்பி 30 ஆண்டுகளுக்குப் பிறகும் இந்தத் தொற்று இருந்தது!

ஸ்டீராய்டு எடுத்தால் என்ன ஆகும்?

எதிர்ப்பு சக்தி குறைந்ததும் புழுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகும். லார்வாக்கள் நுரையீரல், மூளை வரை பரவும். கூடவே குடல் பாக்டீரியாக்களும் ரத்தத்தில் கலக்கும். இந்த நிலைக்கு வந்தால் உயிரிழப்பு அபாயம் மிக அதிகம். சில நாள்கள் மட்டும் ஸ்டீராய்டு எடுத்தவர்களுக்கும் இப்படி நடந்திருக்கிறது.

நுரையீரலுக்குப் போகும் லார்வாக்களால் இருமல், வீசிங் வரும். அதை ஆஸ்துமா என நினைத்து ஸ்டீராய்டு அளவைக் கூட்டினால் நிலைமை இன்னும் மோசமாகும். 2020-ல் கொரோனா நோயாளிகளுக்கு டெக்ஸாமெத்தசோன் கொடுக்கத் தொடங்கியபோதும் மருத்துவர்கள் இந்த ஆபத்தை எச்சரித்தார்கள்.

என்ன டெஸ்ட்?

ஒருமுறை மலப் பரிசோதனை செய்து 'இல்லை' என்று வந்தால் நிம்மதியாகிவிட முடியாது. லார்வாக்கள் விட்டு விட்டுத்தான் வெளியேறும். அதனால் ரத்தத்தில் ஆன்டிபாடி பரிசோதனை கூடுதலாக உதவும். ரத்தத்தில் இயோசினோபில் அதிகமாக இருப்பதும் ஓர் அறிகுறி. ஆனால், ஸ்டீராய்டு அதைக் குறைத்துவிடும் என்பதால் மருந்து தொடங்கும் முன்பே பார்ப்பது நல்லது.

பூச்சி மாத்திரை போட்டாச்சே, போதாதா?

போதாது. வழக்கமாகத் தரும் ஒற்றை அல்பெண்டசோல் மாத்திரை இந்தப் புழுவை முழுசாக ஒழிக்காது. இதற்கு முதன்மை மருந்து ஐவர்மெக்டின். ஸ்டீராய்டு உடனே தேவை என்ற அவசர நிலையில், ரிசல்ட்டுக்குக் காத்திருக்காமலே மருத்துவர்கள் இதைக் கொடுப்பதுண்டு. நீங்களாக வாங்கிப் போடாதீர்கள்.

ஏற்கெனவே மருந்தில் இருப்பவர்கள்?

பயந்துபோய் ஸ்டீராய்டை சட்டென நிறுத்துவதும் ஆபத்துதான். வயிற்றுவலி, விடாத வயிற்றுப்போக்கு, புதிதாக வீசிங், இடுப்பு, தொடையில் வேகமாக நகரும் அரிப்புக் கோடுகள், காய்ச்சல் ஆகியவை வந்தால் தள்ளிப்போடாமல் டாக்டரைப் பாருங்கள். சிகிச்சைக்குப் பிறகும் மறுபரிசோதனை அவசியம்.

வயல் வேலை, செருப்பில்லாத நடை, கழிப்பறை வசதி இல்லாத ஊரில் கழிந்த சின்ன வயசு... இதில் எது உங்களுக்குப் பொருந்தினாலும், எத்தனை வருஷம் ஆகியிருந்தாலும், மருந்து தொடங்கும் முன் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.