எரியாத கட்சி: மாயக்கல்லூரிக் கதைகளின் வெல்லப்படாத தலைவனும் தோட்டக் கூத்தின் நாயகனும்

இலக்கியத்தில் தலைவன் எனப்படுபவன் யார், அவனது வல்லமை எங்கிருந்து வருகிறது என்னும் வினா, தமிழ் ஆய்வுலகிற்குப் புதியதன்று. பேராசிரியர் க. கைலாசபதி 1968ஆம் ஆண்டு வெளியான தமது வீரயுகப் பாடல் பற்றிய நூலில், சான்றோர் செய்யுளின் வீரனை அவனைத் தோற்றுவித்த சமூக அமைப்போடு இணைத்து விளக்கினார். அவ்வினாவையே இன்று முற்றிலும் வேறானதோர் இலக்கிய வகை தொடர்பாக எழுப்ப வேண்டியுள்ளது. அவ்வாறு எழுப்பத் தூண்டியது ஒரு சிறு சம்பவம்.

மடுல்சீமைப் பகுதித் தோட்டமொன்றிலே காமன் கூத்துப் பற்றிய தகவல் திரட்டச் சென்றிருந்தபோது, லயத்து வாசலிலே உயர்தர வகுப்பு மாணவரொருவர் கைத்தொலைபேசியில் ஜப்பானியச் சித்திரப்படமொன்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாயவித்தை கற்பிக்கும் கல்லூரியொன்றிலே கடைநிலை மாணவனெனத் தள்ளப்பட்ட ஒருவன், உண்மையில் எவராலும் வெல்லமுடியாத ஆற்றல் படைத்தவன் என்பதே கதை. “தம்பி, தோல்வியே இல்லாத ஒருவனின் கதையில் கதை எங்கே இருக்கிறது?” என்று கேட்டேன். அவர் சற்றும் தயங்காது, “சேர், அந்தக் கதையில பரீட்சைதான் பிழை. பிள்ளையில பிழையில்ல” என்றார்.

அவ்விடையின் நியாயத்தை உடனடியாக நான் உணரவில்லை. இவ்வகைக் கதைகளை நச்சிலக்கியமென ஒதுக்கிவிடுவது எளிது. ஆயின் ஓர் இலக்கிய வகை பரந்துபட்ட வாசகரை ஈர்க்கின்றதெனில், அவ்வீர்ப்புக்கான சமூக அடிப்படையைக் கண்டறிவதே ஆய்வாளனின் முதற்கடமையாகும்.

ஜப்பானில் ‘லைற் நாவல்’ எனப்படுவது, இளம் வாசகரை முதன்மையாகக் கருதி, சித்திரங்களுடன் சிறு அளவிலான நூல்களாகத் தொடர்ந்து வெளிவரும் புனைகதை வகையாகும். 2004ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ‘ஷோசெத்சுகா நி நரோ’ என்னும் இணையத்தளம் இவ்வகையின் வளர்ச்சியிலே பெரும்பங்கு வகித்தது. எவரும் அங்கு தமது கதையைத் தொடராக வெளியிடலாம். வாசகரின் ஆதரவே கதைகளைத் தரவரிசைப்படுத்தும். ஆதரவு பெற்றவற்றைப் பதிப்பகங்கள் நூலாக்கும். சாத்தோ த்சுதோமு எழுதிய ‘மகோகா கோகோ நோ ரெத்தோசெய்’ என்னும் தொடர் இவ்வழியே வந்தது. 2008இல் இணையத்தில் தொடங்கிய அது 2011 முதல் நூல்களாக வெளிவந்து, 2020இல் 32ஆம் தொகுதியோடு நிறைவுற்றது. 2014இல் அது சித்திரப்படத் தொடராகவும் வெளிவந்தது.

அக்கதையின் களம் 2095ஆம் ஆண்டின் ஜப்பான். அங்குள்ள முதலாம் மாய உயர்நிலைப் பள்ளி ஆண்டுதோறும் 200 மாணவரைச் சேர்க்கிறது. அவருள் 100 பேர் முதற்பிரிவினர். எஞ்சிய 100 பேர் இரண்டாம் பிரிவினர். முதற்பிரிவினரின் சீருடையில் மலர்ச்சின்னம் உண்டு. மற்றையோர்க்கு அது இல்லை. முதற்பிரிவினர் ‘மலர்கள்’ எனவும் இரண்டாம் பிரிவினர் ‘களைகள்’ எனவும் மாணவரிடையே அழைக்கப்படுகின்றனர். ஆசிரியரின் நேரடி வழிகாட்டல் முதற்பிரிவினர்க்கே கிடைக்கும். கதைத்தலைவனாகிய ஷிபா தத்சுயா இரண்டாம் பிரிவைச் சேர்ந்தவன். எழுத்துத் தேர்வில் அவனே முதல்வன். செய்முறைத் தேர்விலோ கடைநிலை. பள்ளி அளப்பது மாயவித்தையைச் செயற்படுத்தும் வேகம் முதலான சில அளவைகளை மட்டுமே. அவனது உண்மையான ஆற்றலோ பொருள்களைக் கூறுகளாகப் பிரிப்பதும் அழிந்தவற்றை மீளமைப்பதுமாகும். அவ்வாற்றலை அளக்கும் கோல் பள்ளியிடம் இல்லை.

‘ஷூ’ என்னும் புனைபெயரினர் எழுதி 2018இல் நூலாக வெளிவரத் தொடங்கிய ‘மாஓ ககுயின் நோ புதெகிகோஷா’வும் ஏறத்தாழ இவ்வமைப்பினதே. ஈராயிரம் ஆண்டுகளுக்குப் பின் மறுபிறப்பெடுக்கும் அசுர வேந்தன், தன் வழித்தோன்றல்களுக்கென நிறுவப்பட்ட கல்லூரியிலேயே தகுதியற்றவன் எனத் தீர்க்கப்படுகிறான். அக்கல்லூரியிலும் தூய குருதி உடையோர்க்கொரு சீருடை, கலப்புக் குருதியினர்க்கு வேறொரு சீருடை.

இவ்விரு கதைகளையும் ஒப்புநோக்குமிடத்து ஓர் உண்மை புலனாகும். கதையின் தொடக்கம் நிறுவனம் பற்றிய விமர்சனமாகும். தகுதியை அளப்பதாகக் கூறும் பள்ளி, உண்மையில் படிநிலையை உற்பத்தி செய்கிறது. தான் உற்பத்தி செய்த படிநிலையை இயற்கையானதெனக் காட்டுகிறது. ‘களை’ எனப்பட்டவன் களையாக முளைத்தவனல்லன். ஆசிரியர் மறுக்கப்பட்டதனால் களையாக்கப்பட்டவன். 1990களின் தொடக்கத்தில் ஏற்பட்ட பொருளாதாரச் சரிவின் பின்னர், கடும் தேர்வுப் போட்டியைக் கடந்தும் நிலையான தொழில் கிடையாத நிலைமையை எதிர்கொண்ட ஒரு தலைமுறையின் நாட்டில் இத்தகைய கதை வேர்விட்டது வியப்பன்று.

மடுல்சீமை மாணவர்க்கு அக்கதை அந்நியமாகத் தோன்றாமைக்கும் காரணம் உண்டு. தோட்டப் பாடசாலையின் வரலாற்றை இங்கு நினைவுகூரல் வேண்டும். இலங்கையில் 1945இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தபோது, தோட்ட நிர்வாகங்களின் கீழிருந்த பாடசாலைகள் அதன் பயனை உரியவாறு பெறவில்லை. ஓராசிரியர், ஒரு மண்டபம், ஐந்தாம் வகுப்போடு முடியும் கல்வி என்பதே நெடுங்காலம் நிலவிய பொதுநிலை. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றோராக்கியது. 1970களிலேதான் தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கும் நடவடிக்கை தொடங்கிற்று. ஆசிரியர் இல்லாத பிரிவொன்றில் வைக்கப்பட்டு, பின்னர் எல்லோர்க்கும் பொதுவான பரீட்சையில் அளக்கப்பட்டு, திறமையற்றோர் எனத் தீர்க்கப்படும் அனுபவம் இம்மக்களுக்குக் கற்பனையன்று. “பரீட்சைதான் பிழை” என்னும் கூற்று இவ்வனுபவத்திலிருந்து பிறந்த வாசிப்பாகும்.

ஆயின் கதை தான் எழுப்பிய முரண்பாட்டை எவ்வாறு தீர்க்கின்றது? இங்கேயே அதன் கருத்துநிலை வெளிப்படுகிறது. தத்சுயா ஒடுக்கப்பட்ட நூறு பேருள் ஒருவனாக நின்று வெல்பவனல்லன். அவன் நாட்டின் மிகுந்த அதிகாரம் படைத்த மாயக் குடும்பங்களுள் ஒன்றின் வழிவந்தவன். இராணுவத்தின் இரகசியப் படையாள். புகழ்பெற்ற மாயக்கருவிகளை மறைந்திருந்து வடிவமைப்பவன். மற்றைய கதையின் தலைவனோ அம்மரபு முழுவதற்கும் மூலவனாகிய வேந்தனே. ஆகவே ‘களை’ என நாம் கருதியவன் உண்மையில் எல்லா மலர்களிலும் உயர்ந்த மலர் என்பதே கதை தரும் விடை. படிநிலை தவறன்று, அதில் இவனை வைத்த இடமே தவறு என்றாகிவிடுகிறது. எஞ்சிய தொண்ணூற்றொன்பது களைகளும் களைகளாகவே நிற்கின்றன.

இவ்வுத்தி ஜப்பானியருக்கே உரியதன்று. 1842-43இல் பாரிஸ் நாளிதழொன்றில் தொடராக வந்து பெரும் பரபரப்பை ஏற்படுத்திய எழேன் சூவின் ‘பாரிஸ் மர்மங்கள்’ நாவலின் தலைவன் ரொடோல்ஃப், ஏழைகளிடையே மாறுவேடத்தில் உலவி, நல்லோர்க்கு வெகுமதியும் தீயோர்க்குத் தண்டனையும் வழங்குபவன். உண்மையில் அவன் ஒரு சிற்றரசன். மார்க்ஸ் 1845இல் எங்கெல்சுடன் சேர்ந்து வெளியிட்ட ‘புனிதக் குடும்பம்’ நூலில் இந்நாவலை விரிவாக விமர்சித்து, ரொடோல்ஃபின் அறச்செயல்கள் ஒடுக்கப்பட்டோரின் இயல்பான மனிதத்தன்மையையே சிதைப்பதை எடுத்துக்காட்டினார். கிராம்சி தமது சிறைக்குறிப்புகளில், அதிமனிதன் என்னும் கருத்தின் வெகுசன வடிவத்துக்கு மூலம் தத்துவ நூலன்று, டூமாவின் ‘மொண்டே கிறிஸ்டோ பிரபு’ போன்ற தொடர்கதையே என்னும் கருத்தை முன்வைத்தார். அவமதிக்கப்பட்டவனின் பழிவாங்கும் பகற்கனவு அச்சகத்தின் சந்தைக்கு எவ்வாறு பண்டமாகின்றது என்பதை இருவரும் அறிந்திருந்தனர். அவர்கள் கண்ட நாளிதழின் இடத்தில் இன்று இணையத்தளம் உள்ளது.

இனி, அம்மாணவரின் லயத்து வாசலிலேயே நிகழும் கூத்துக்கு வருவோம். காமன் கூத்து, பொன்னர் சங்கர், அருச்சுனன் தபசு என்பன மலையகத் தமிழரின் முதன்மையான கூத்துக்களாகும். இம்மூன்றிலும் வல்லமை மிக்க நாயகர் உளர். ஆயின் ஒருவரேனும் வெல்லப்படாதவரல்லர்.

மாசி மாதத்தில் காமன் ஊன்றித் தொடங்கும் காமன் கூத்திலே, தவத்திலிருக்கும் சிவனை எழுப்பும்படி மேலிடத்து ஆணை மன்மதனுக்கு வருகிறது. சென்றால் எரிவது உறுதியென்று ரதி தடுக்கிறாள். அவன் செல்கிறான், எரிகிறான். தப்பொலியின் நடுவே ஒலிக்கும் ரதியின் புலம்பலே கூத்தின் உயிர்நாடி. அதன் பின்னரே அவன் உயிர்ப்பு. மேலோர் ஆணைக்காகத் தன் உயிரை இழப்பவன், பின்னே நின்று அழும் மனைவி என்னும் இக்காட்சி, கங்காணி முறையின் கீழ்க் கடல் கடந்து வந்து காடழித்துக் கோப்பியும் தேயிலையும் நட்டு மடிந்தோரின் சந்ததியாரிடையே ஆழ வேரூன்றியதற்கு வேறு விளக்கம் வேண்டுவதில்லை. பொன்னரும் சங்கரும் படுகளத்தில் மாள்கின்றனர்; தங்கையின் ஆற்றலால் சிறிது பொழுது எழுந்து மீண்டும் மறைகின்றனர். அருச்சுனன் தவமரத்தில் ஏறி வருந்துகிறான். வேடனாக வந்த சிவனிடம் தோற்ற பின்னரே பாசுபதம் பெறுகிறான்.

இங்கு நாயகனின் வல்லமை பிறவியிலேயே முற்றுப்பெற்றதன்று. தவம், புலம்பல், பிறரது துணை ஆகியவற்றால் அது ஈட்டப்படுகிறது அல்லது மீட்கப்படுகிறது. கூத்தின் ஆக்கமுறையும் இதற்கு இயைந்தது. தோட்டத்தார் வீட்டுக்கு வீடு பணம் சேர்க்கின்றனர். கூத்து வாத்தியார் பழக்குகிறார். பகலில் கொழுந்து நிறுத்தவர்களும் கவ்வாத்து வெட்டியவர்களும் இரவில் தேவராகவும் முனிவராகவும் ஆடுகின்றனர். பார்ப்போரும் ஆடுவோரும் ஒரே உழைப்பாளர் கூட்டமாதலின், தனியொருவனின் வெற்றி அங்கு கதையின் முடிவாக அமைவதில்லை.

ஆயினும் கூத்தை இலட்சியமயப்படுத்துதல் விஞ்ஞான பூர்வமான ஆய்வாகாது. பொன்னர் சங்கர் கொங்கு நாட்டு நிலவுடைமையாளரின் கதை. வேட்டுவர் அங்கு பகைவராகவே வருகின்றனர். தப்படிப்போர்க்கும் வேடமிடுவோர்க்கும் இடையிலான சாதி வேறுபாடு கூத்தோடு கூடவே வந்தது. எரிவதை ஊழ்வினையென ஏற்கும் மனநிலையையும் கூத்து வளர்த்துள்ளது. எனவே ஜப்பானியக் கதையின் மாணவன் தன்னை அளந்த கோலையே கேள்விக்குட்படுத்துவது கூத்திலே காணப்படாத ஒரு முன்னேற்றக் கூறு எனல் வேண்டும்.

தமிழகத்தின் லாவணி மரபிலே, காமன் எரிந்தான் என வாதிடும் எரிந்த கட்சியும், எரியவில்லை என வாதிடும் எரியாத கட்சியும் எதிரெதிரே பாடும் வழக்கம் உண்டு. மாயக்கல்லூரிக் கதைகள் எரியாத கட்சியைச் சேர்ந்தவை. அவை அநீதியை இனங்காண்கின்றன, ஆயின் அதன் வடுவை நாயகன்மேல் விழவிடுவதில்லை. கூத்து எரிந்த கட்சியைச் சேர்ந்தது. அது வடுவைப் பாடுகிறது, ஆயின் ஆணையிட்டவனை வினவுவதில்லை.

இவ்விரண்டின் குறைகளையும் கடக்க முயன்றதே மலையகத்தின் யதார்த்தவாத எழுத்து. ஊவா மண்ணிலே பிறந்து, பதுளையை அடுத்த தெளிவத்தைத் தோட்டத்தில் ஆசிரியராகப் பணியாற்றி, அத்தோட்டத்தின் பெயரையே தம் பெயரோடு இணைத்துக்கொண்ட தெளிவத்தை ஜோசப் (1934-2022) இவ்வகையிலே குறிப்பிடத்தக்கவர். அவரது ‘மீன்கள்’ சிறுகதையிலும், 1974இல் வெளியான ‘காலங்கள் சாவதில்லை’ நாவலிலும் வெல்லப்படாத வீரர் எவருமிலர். ஒற்றையறை லயம் என்பது விதியன்று, ஒரு நிர்வாகத்தின் ஏற்பாடு என்பதை வாசகன் தானே கண்டுகொள்ளுமாறு அவர் எழுதினார்.

எனவே அம்மாணவர் பார்த்த கதையை அவரிடமிருந்து பறிப்பதால் எப்பயனும் விளையாது. பரீட்சை பிழை என்னும் அவரது கூற்றை ஏற்று, அதனோடு மேலுமொரு வினாவைச் சேர்ப்பதே ஆசிரியரின் பணி. அன்று விடைபெறுமுன் அவ்வினாவை அவரிடம் கேட்டேன்: “தத்சுயா தப்பிவிட்டான் தம்பி, அவனோடு இரண்டாம் பிரிவில் இருந்த மற்றத் தொண்ணூற்றொன்பது பிள்ளைகளும் என்ன ஆனார்கள்?” அவர் நெடுநேரம் யோசித்துவிட்டு, “அதைக் கதையில சொல்லல்ல சேர்” என்றார்.

சொல்லப்படாத அந்தப் பகுதியிலிருந்தே எமது இலக்கியம் தொடங்க வேண்டும்.