லினக்ஸ் மடிக்கணினியில் வைஃபை வரலையா?

அரசின் விலையில்லா மடிக்கணினிகள் பலவற்றில் விண்டோஸோடு சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது, ஞாபகம் இருக்கிறதா? அந்தப் பழைய மடிக்கணினியில் இன்று புதிய லினக்ஸ் போட்டால், பலர் மாட்டிக்கொள்வது வைஃபையில்தான். டிரைவர் இல்லாமல் இணையம் வராது. இணையம் இல்லாமல் டிரைவரை இறக்க முடியாது!

வழி உங்கள் கையிலேயே இருக்கிறது. ஆண்ட்ராய்டு போனை யுஎஸ்பி கேபிளால் கணினியில் செருகி, ஹாட்ஸ்பாட் செட்டிங்கில் ‘யுஎஸ்பி டெதரிங்’கை ஆன் செய்யுங்கள். பெரும்பாலும் உடனே இணையம் வந்துவிடும். (சார்ஜ் மட்டும் ஏற்றும் மலிவு கேபிள் இதற்கு உதவாது.)

அடுத்து, வழிகாட்டிக் குறிப்புகள் ஏன் குழப்புகின்றன? ஒவ்வொன்றும் வேறொரு சிப்புக்கு எழுதியது. மடிக்கணினியின் பிராண்டு பெயரைப் பார்த்துப் பயனில்லை. உள்ளே இருக்கும் வைஃபை சிப்தான் முக்கியம். டெர்மினலில் எல்-எஸ்-பி-சி-ஐ என்று சிறிய ஆங்கில எழுத்துகளில், இடைவெளி விடாமல் தட்டுங்கள். ‘நெட்வொர்க் கன்ட்ரோலர்’ என்ற வரியில் பிராட்காம், ரியல்டெக், இன்டெல் என ஏதாவது ஒரு பெயரும் எண்ணும் இருக்கும். அந்த எண்ணுக்கான குறிப்பை மட்டும் படியுங்கள்.

உபுண்டுவில் ‘அடிஷனல் டிரைவர்ஸ்’ பகுதியே பிராட்காம் டிரைவரைத் தேடித்தரும். டெபியனில் 2023-இல் வந்த 12-ஆம் பதிப்பிலிருந்து, தேவையான ஃபர்ம்வேர் கோப்புகள் நிறுவும்போதே சேர்ந்துவிடும். பழைய பதிப்புக்கான நீண்ட குறிப்புகளோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

சான்றிதழுக்கோ உதவித்தொகைக்கோ இன்று கடைசி நாளா? டெதரிங்கிலேயே விண்ணப்பத்தை அனுப்பிவிடுங்க. வைஃபையை நாளைக்குப் பார்த்துக்கலாம்.