பேய்களின் ஒப்பனை அறை

பார்த்து வாருங்கள், தரையெல்லாம் பூசணி விதை, வழுக்கும்! டொரன்டோ ஸ்கார்பரோவில் ஓர் அடுக்குமாடிக் கட்டடம், அதன் கீழ்த்தளப் பொது அறை, அக்டோபர் மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை. 31ஆம் தேதி இரவு ஹாலோவீன். அன்றைக்குத் தெருவில் இறங்கினால் எலும்புக்கூடும் வௌவாலும் சூனியக்காரியும் எரியும் கண்ணோடு பூசணித் தலையும் வாசலுக்கு வாசல் நிற்கும். அந்த இரவு அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் எனக்கு அதைவிடப் பிடித்தது இந்த அறை. பசை, பஞ்சு, கறுப்புப் பெயின்ட், கிறீச்சென்று ஓர் அலறல், உடனே ஒரு சிரிப்பு. பேய்கள் எல்லாம் இங்கேதான் பிறக்கின்றன!

முதலில் பூசணி. மேல்மூடியை நேர்க்குத்தாக வெட்டினால் அது உள்ளே விழுந்துவிடும். அதனால் கத்தியைச் சாய்த்துப் பிடித்து, கூம்புபோல வெட்டுகிறார் ஓர் அப்பா. மூடி திறந்ததும் பத்துப் பன்னிரண்டு தலைகள் ஒன்றாகக் குனிகின்றன. உள்ளே ஆரஞ்சு நிற நார், வழவழப்பு, விதை. யார் முதலில் கையை விடுவது? ஒரு சிறுமி முழங்கை வரை விட்டு, "ஐயோ, குளிருது!" என்று கத்துகிறாள். அவ்வளவுதான், அடுத்த நிமிடம் எல்லோருடைய கையும் உள்ளே. குடைவது பிள்ளைகள் வேலை, அறுப்பது பெரியவர்கள் வேலை. இந்த மேசையின் ஒரே சட்டம் அது. முகம் வரப்போகும் பக்கத்தை மட்டும் கரண்டியால் சுரண்டிச் சுரண்டி ஓர் அங்குலக் கனத்துக்குக் கொண்டுவர வேண்டும். பிறகு முகம் வரைந்த காகிதத்தை ஒட்டி, கோட்டின் மேல் ஊசியால் புள்ளி புள்ளியாகக் குத்துகிறார்கள். காகிதத்தை எடுத்தால் தோலில் முகம் புள்ளிக்கோலமாக நிற்கிறது. பல் வைத்த குட்டி ரம்பம் அந்தப் புள்ளிகளைத் தொட்டுக்கொண்டே போகிறது. துண்டு 'பொத்'தென்று உள்ளே விழ, ஒரு கண் திறந்துவிட்டது! இந்த இடத்தில் ஒவ்வொரு முறையும் கைதட்டல் எழும். நானும் தட்டுவேன்.

"குடைஞ்சு வாசலில வைக்கிறதுக்கோ இவ்வளவு காசு குடுத்தனியள்? ஒரு கறி வைச்சிருக்கலாமே!" என்கிறார் மூலையில் அமர்ந்திருக்கும் அம்மம்மா.

"அம்மம்மா, உது கறிப் பூசணி இல்லை" என்கிறான் பேரன்.

அவன் சொல்வது சரி. வட அமெரிக்காவில் முகம் செதுக்க அதிகம் வாங்கப்படும் 'ஹவ்டன்' ரகம், மாசசூசெட்ஸ் விவசாயி ஜான் ஹவ்டன் இதற்கென்றே பொறுக்கியெடுத்து வளர்த்தது. தூக்க வசதியாகத் தடித்த காம்பு, நன்றாக நிமிர்ந்து நிற்கும் உடல், உள்ளே நாரும் நீருமாக ருசியில்லாத சதை. அம்மம்மா அதோடு விடுவாரா? விதைகளை அலசி, துடைத்து, உப்பும் மிளகாய்த் தூளும் பிரட்டி அடுப்புக்கு அனுப்பிவிட்டார். மிச்ச மிளகாய்த் தூள் பூசணிகளுக்கு! டொரன்டோ அணில்கள் ஒரே இரவில் பூசணியின் மூக்கைத் தின்று தீர்க்கக் கூடியவை. காரம் பட்டால் கொஞ்சம் தள்ளி நிற்கும்.

மேசையின் மறுகோடியில் ஒரு கிழங்கு இருக்கிறது. உருண்டையாக, ஊதா பூத்த தோலோடு, மெழுகு பூசி விற்கப்படும் ருடபாகா. டர்னிப் குடும்பத்துப் பெரிய கிழங்கு. பூசணிக்கு முன்னால் ஹாலோவீன் வாசலைக் காத்தது இதுதான். கோடை முடிந்து குளிர்காலம் தொடங்கும் 'சௌவின்' (Samhain) என்ற திருநாளின்போது ஆவிகள் வெளியே உலவும் என்று அயர்லாந்து மக்கள் நம்பினார்கள். கிழங்கைக் குடைந்து கோர முகம் செதுக்கி, உள்ளே நெருப்பு வைத்து, ஜன்னலிலும் வாசலிலும் வைத்தார்கள். கட்டும் வீட்டின் முன்னால் மீசையும் கோரைப்பல்லும் வரைந்த பூசணியைத் தொங்கவிடும் நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. 19ஆம் நூற்றாண்டில் அயர்லாந்திலிருந்தும் ஸ்காட்லாந்திலிருந்தும் கப்பலேறியவர்கள் அமெரிக்கக் கரையில் பூசணியைக் கண்டார்கள். பெரிது, மெத்தென்றது, குடைய எளிது. கிழங்கு ஓய்வுபெற்றது.

எவ்வளவு எளிது என்பது கிழங்கைக் குடைந்து பார்த்தால்தான் தெரியும்! மெழுகில் கத்தி வழுக்குகிறது. கரண்டி வளைகிறது. அறை முழுக்க முட்டைக்கோஸ் வாடை. இரண்டு பெரியவர்கள் மாறி மாறிக் குடைந்தும் ஒரு கைப்பிடி பள்ளம்தான். அதற்குள் ஒருவர் கைபேசியில் ஒரு படத்தைக் காட்டுகிறார். அயர்லாந்தின் மேயோ மாவட்டத்தில், காசல்பார் நகருக்கு அருகே டர்லா பார்க்கில் உள்ள நாட்டுப்புற வாழ்க்கை அருங்காட்சியகத்தில் ஒரு பழைய டர்னிப் முகத்தின் வார்ப்பு இருக்கிறது. டோனிகால் மாவட்டத்து ஃபின்டவுனில் செதுக்கப்பட்டது. ஓர் ஆசிரியை 1943இல் கொடுத்தாராம். மூலக்கிழங்கு உதிரத் தொடங்கியதால் பிளாஸ்டரில் வார்த்து வைத்தார்கள். சுருங்கிய முகம், குழிந்த கண், இளித்த பல். சிரிக்கும் பூசணிகளைப் பார்த்துப் பழகிய பிள்ளைகள் ஒரு நொடி அப்படியே நின்றுவிட்டார்கள். பிறகு எல்லோரும் ஒரே குரலில், "இன்னொருக்கா காட்டுங்கோ!"

இப்போது என் உள்ளம் கவர்ந்த மூலைக்கு வாருங்கள். தானே நிற்கும் பேய்!

வலைபோன்ற மெல்லிய பருத்தித் துணியைப் பசைநீரில் தோய்த்து, போத்தல் மேல் பந்து வைத்து, அதன் மேல் போர்த்திக் காயவிடுவது வழக்கமான முறை. இந்த அறையில் பசைநீர் தீர்ந்துவிட்டது. அம்மம்மா எழுந்தார். "கஞ்சி போட்டால் வேட்டியே தன்ர பாட்டில நிக்கும், உந்தப் பேய் நிக்காதோ?" சோற்றுக்கஞ்சியைக் கெட்டியாகக் காய்ச்சி, வடித்து, துணியை முக்கி, மெல்லப் பிழிந்து போர்த்திக் காட்டினார். கம்பியை வளைத்து இரண்டு கைகள். துணியின் ஓரங்களை விரலால் நீவி நீவி அலையலையாக விட்டார். இரவு முழுக்க ஹீட்டர் பக்கத்தில் காய்ந்து, காலையில் போத்தலையும் பந்தையும் கம்பியையும் உருவியெடுத்தால், உள்ளே ஒன்றுமே இல்லாமல் பேய் நிற்கிறது! கீழே ஒரு பேட்டரி விளக்கை வைத்தார்கள். கஞ்சி படிந்த துணியின் கண்ணிகளில் வெளிச்சம் பிடித்துக்கொண்டது. கடையில் வாங்கிய எந்தப் பேயும் இதன் பக்கத்தில் நிற்க முடியாது. அடித்துச் சொல்வேன்.

வௌவாலுக்கு முட்டை அட்டை. மூன்று குழிகளை ஒரே வரிசையாக வெட்டி, ஓரக் குழிகள் இரண்டின் விளிம்பையும் வளைவு வளைவாகக் கத்தரித்தால் சிறகு. நடுக்குழி உடல். கறுப்புப் பூசி நூலில் கட்டினால் பறக்கத் தயார். பழைய நாளில் இந்த இரவில் மூட்டிய பெருநெருப்புக்குப் பூச்சிகள் வந்தன, பூச்சிகளைத் தேடி வௌவால்கள் வந்தன, அப்படியே இந்தத் திருநாளில் ஒட்டிக்கொண்டன என்பார்கள். கழிப்பறைக் காகிதச் சுருளின் அட்டைக் குழாயில் இரண்டு கண் வெட்டி, உள்ளே ஒளிரும் குச்சியைப் போட்டுப் புதருக்குள் செருகினால் போதும், தெருவே திரும்பிப் பார்க்கும்.

ஓர் ஐந்து வயதுக்காரன் யாரோடும் பேசாமல் கறுப்புத் தாளில் காது குடையும் பஞ்சுக் குச்சிகளை ஒட்டிக்கொண்டிருக்கிறான். போன வருடம் ஒரு கடையில், பக்கத்தில் போனதும் கையை ஆட்டிச் சிரிக்கும் எலும்புக்கூட்டைப் பார்த்து அழுதவன். இப்போது விலா எலும்பை எண்ணி எண்ணி ஒட்டுகிறான். ஒரு பக்கத்துக்குப் பன்னிரண்டு என்று அக்கா சொல்லிக் கொடுத்திருக்கிறாள். தாளில் இடமில்லை, ஆனாலும் பன்னிரண்டும் வேண்டும் என்று அடம். முடித்துவிட்டு அந்த எலும்புக்கூட்டுக்குத் தன் பெயரையே வைத்தான்.

இந்தக் காகிதக் கைவேலைக்கு நூற்றாண்டு கடந்துவிட்டது. மாசசூசெட்ஸின் டெனிசன் நிறுவனம் தன் க்ரேப் காகிதத்தை விற்பதற்காக 1909இல் 'போகி புக்' (Bogie Book) என்ற ஹாலோவீன் அலங்காரச் செய்முறை நூலை வெளியிட்டது. எனக்கு அதைவிட நெருக்கமானது 1950இல் பிலடெல்பியா பக்கத்தில் நடந்தது. மேரி எம்மா அலிசனும் அவர் கணவரும் தங்கள் பிள்ளைகளைக் காலிப் பால் அட்டைப்பெட்டிகளை அலங்கரிக்க வைத்து, ஹாலோவீன் இரவில் பிள்ளைகள் வீடு வீடாகக் கேட்கும் மிட்டாய்க்குப் பதில், ஐ.நா. குழந்தைகள் அமைப்பான யுனிசெஃபுக்காகக் காசு கேட்க அனுப்பினார்கள். அன்று சேர்ந்தது 17 டாலர். பிறகு அது நாடெங்கும் பரவியது. பால் பெட்டியில் பிள்ளைகள் ஒட்டிய காகிதம் எங்கெல்லாம் போய்ச் சேர்ந்திருக்கிறது, பாருங்கள்!

உடைகளைப் பற்றி ஒன்று சொல்லியே ஆகவேண்டும். கனடாவில் அக்டோபர் கடைசி இரவு நடுக்கும். அதனால் அனுபவசாலி அம்மாக்கள் சூனியக்காரி அங்கியைக் குளிர்ச்சட்டைக்கு மேல் போடும் அளவுக்குத் தைக்கிறார்கள். ஆகவே இந்த ஊரில் எல்லாச் சூனியக்காரிகளும் குண்டுதான்.

நவம்பர் 1 மாலை இன்னொரு கொண்டாட்டம் இருக்கிறது. டொரன்டோவின் மேற்குப் பகுதியில் சொராரன் பூங்காவில் 2004இல் தொடங்கிய பூசணி அணிவகுப்பு. இப்போது நகரின் பல பூங்காக்களிலும் நடக்கிறது. முதல் நாள் வாசலில் நின்ற பூசணிகளை அவரவர் தூக்கிக்கொண்டு வந்து பாதையோரம் வரிசையாக வைத்து மறுபடி விளக்கேற்றுவார்கள். முடிந்ததும் மாநகராட்சி வண்டி அள்ளிக்கொண்டு போய் உரமாக்கிவிடும். எங்கள் கூட்டமும் பூசணிகளை மடியில் வைத்துக்கொண்டு சுரங்க ரயிலில் போகும். ஊரார் எல்லாம் பூசணியின் முகத்துக்கு முன் நின்று படம் எடுக்க, இந்தப் பிள்ளைகள் மட்டும் வரிசைக்குப் பின்னால் ஓடி, மூடியைத் தூக்கிப் பார்ப்பார்கள். "இவை சாய்ச்சு வெட்டேல்லை, பார்!" "இதுக்கு எப்பிடிக் காது வைச்சவை?" "அடுத்த முறை நாங்களும் காது வைப்பம்!"