கூடி வாழும் கனவு

சின்ன காஞ்சிபுரத்தில் வரதராஜப் பெருமாள் கோயிலைச் சூழ்ந்த நெசவுத் தெருக்களில் பிறந்து, சென்னையிலும் பெங்களூரிலும் உத்தியோகம் பார்க்கும் இளைஞர் சிலருக்கு இக்காலத்தில் ஓர் ஆசை உண்டாகியிருக்கிறது. ஒத்த மனமுடைய பத்துக் குடும்பங்கள் சேர்ந்து பாலாற்றங்கரைப் பக்கம் நிலம் வாங்க வேண்டும். மரம் வளர்த்து, மழைநீரைத் தேக்கி, விளைவதைப் பகிர்ந்து உண்டு வாழ வேண்டும் என்பதே அது. நல்ல ஆசைதான், நாம் பரிகசிக்க வரவில்லை. ஆனால் மரத்தைப் பற்றி இவ்வளவு பேசுகிறவர்கள் அடுப்பைப் பற்றி ஏனோ பேசுவதில்லை.

இக்காரியத்தை நம்மவர்கள் ஒரு நூற்றாண்டுக்கு முன்பே செய்து பார்த்திருக்கிறார்கள் என்பது நேயர்களுக்கு நினைவிருக்கலாம். 1910-ஆம் ஆண்டு தென்னாப்பிரிக்காவில் சத்தியாக்கிரகம் நடந்துகொண்டிருந்தது. சிறை சென்றோரின் குடும்பங்களுக்கு மாதந்தோறும் படியளக்கப் பணம் போதவில்லை. அப்போது ஹெர்மன் காலன்பாக் என்னும் கட்டடச் சிற்பி, ஜோஹான்னஸ்பர்க் நகரிலிருந்து 21 மைல் தூரத்தில் தாம் வாங்கிய 1,100 ஏக்கர் நிலத்தை வாடகையின்றிக் காந்தியடிகளிடம் ஒப்படைத்தார். அதுவே டால்ஸ்டாய் பண்ணை. ஆயிரம் பழமரங்கள் வரையில் அங்கே முன்னமே இருந்தன. வந்து குடியேறியவர்களில் தமிழர், தெலுங்கர், குஜராத்தியர், வடநாட்டார் எல்லாரும் உண்டு. ஹிந்துக்கள், முஸ்லிம்கள், பார்ஸிகள், கிறிஸ்தவர்கள் எல்லாரும் உண்டு.

முதற்கேள்வி அடுப்பைப் பற்றித்தான் எழுந்தது. தனித் தனிச் சமையல் என்றால் செலவு கட்டாது. ஒரே சமையல் என்றால் மாமிசம் உண்டா, இல்லையா? கேட்பவர்களுக்கு மாமிசம் கொடுக்கத்தான் வேண்டும் என்பது காந்தியடிகளின் முடிவு. ஆயினும் தம் மனத்தில் உள்ளதைக் கிறிஸ்தவ, முஸ்லிம் பெண்மணிகளிடமே அவர் ஒளிக்காமல் எடுத்துச் சொன்னார். அவர்கள் சம்மதித்த பிறகே எல்லாருக்கும் சைவச் சமையல் என்று ஏற்பட்டது. கட்டளையாகப் போட்டிருந்தால் அந்த அடுப்பு ஒரு மாதம் எரிந்திருக்குமா என்பது நமக்குச் சந்தேகமே.

தண்ணீருக்குச் சிறிது தூரம் சென்று காவடியில் சுமந்து வர வேண்டும். வேலைக்காரர் என்று ஒருவரும் கிடையாது. கக்கூஸ் சுத்தம் செய்வது முதல் கட்டடம் கட்டுவது வரையில் இயன்ற வேலையெல்லாம் தங்கள் கையாலேயே செய்தார்கள். கோதுமையைக் கையால் திரித்து ரொட்டி சுட்டார்கள். செருப்புத் தைக்கும் தொழிலைக் காலன்பாக் ஒரு கிறிஸ்தவ மடத்தில் கற்றுவந்து மற்றவர்களுக்குப் போதித்தார். பண்ணையின் பொதுக் காரியமாக நகரம் போகிறவருக்கு மூன்றாம் வகுப்பு ரயில் சத்தம் கிடைக்கும். சொந்தக் காரியமாகவோ உல்லாசமாகவோ போகிறவர் நடந்தே போக வேண்டும், பலகாரமும் பண்ணையிலிருந்தே கட்டிக்கொண்டு போக வேண்டும். விடியுமுன் இரண்டு மணிக்குப் புறப்பட்டு 21 மைல் நடந்தவர்கள் உண்டு. இந்த ஒரு விதியால் மிச்சமான பணம் கொஞ்சநஞ்சமன்று. குழந்தைகளுக்குத் தமிழ் வாத்தியார் யார் தெரியுமா? காந்தியடிகளேதான். போப் துரையின் இலக்கணத்தையும் தாம் கற்றிருந்த அரைகுறைத் தமிழையும் வைத்துக்கொண்டு தமிழ்ப் பிள்ளைகளுக்கே தமிழ் சொல்லிக்கொடுக்க அவருக்கிருந்த துணிவை மெச்ச வேண்டும்!

1913-இல் பண்ணை கலைந்துவிட்டது. அதைத் தோல்வி என்று நாம் எண்ணவில்லை. அது எதற்காக ஏற்பட்டதோ அந்தக் காரியம் அதே ஆண்டில் வேறு உருவத்தில் வெளிப்பட்டது. பண்ணையில் வாழ்ந்து பழகிய பெண்மணிகள், கைக்குழந்தைகளையும் தூக்கிக்கொண்டு, நியூகாஸில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரிடம் சென்று வேலைநிறுத்தத்துக்கு அழைத்தார்கள். அவர்கள் பதினொருவர், ஒருவரைத் தவிர எல்லாரும் தமிழர். மூன்று மாதச் சிறைவாசம் அவர்களுக்குக் கிடைத்தது.

நம் பக்கத்திலேயே புதுச்சேரிக்கு அருகில் 1968-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் தேதி தொடங்கிய ஆரோவில் இருக்கிறது. மழையில் அரித்துப் பாளம் பாளமாய்க் கிடந்த செம்மண் மேட்டில் வரப்புக் கட்டி, பல இலட்சம் மரங்களை வளர்த்து அதைக் காடாக்கியவர்களின் உழைப்பை யாரும் குறை கூற முடியாது. ஆனால் 2021-இல் சாலைக்காக மரங்களை வெட்டியபோது மூண்ட தகராறு நீதிமன்றம் வரையில் சென்றது. மரம் வளர்ந்துவிட்டது, யார் சொல் செல்லும் என்பது மட்டும் தீரவில்லை.

சின்ன காஞ்சிபுரத்துக்கு வருவோம். அங்கே பட்டுப் பாவை விடியற்காலையில் தெரு நெடுகிலும் விரித்துக் கட்டும்போது ஒரு குடும்பத்தின் கை போதாது. அண்டை வீட்டார் வந்து நிற்க வேண்டும். நாளை அவர்கள் பாவுக்கு இவர்கள் போக வேண்டும். கோர்வைச் சேலையென்றால் தறியிலேயே நெய்பவர் ஒருவர், கரைக்கு நாடா தள்ளித் தருபவர் ஒருவர் என இருவர் சேர்ந்து உட்கார வேண்டும். இப்படி வேலையே மனிதரைச் சேர்த்துக் கட்டிய தெருக்களில் இப்போது கோர்வைக்குத் துணையாள் கிடைப்பது அரிதாகிவிட்டது. பிள்ளைகள் வெளியூரில் இருக்கிறார்கள். கூலி போதாத தொழிலை விட்டு அவர்கள் போனதைக் குற்றமென்று சொல்ல நமக்கு வாயில்லை.

நிலம் வாங்க நினைக்கும் அந்த இளைஞர்களிடம் ஏக்கர் கணக்கு இருக்கிறது. கிணறு எங்கே, வீடு எங்கே என்று வரைந்த படமும் இருக்கிறது. பத்திரம் யார் பெயரில், பொதுவில் செய்யும் தொழில் என்ன என்று கேட்டால், அதை அங்கே போய்த் தீர்மானித்துக்கொள்ளலாம் என்கிறார்கள்.