15 ஆடும் இறங்கணும், அப்புறம்தான் நகரணும்!

திருப்பாச்சூர்:

"ஏய்! இது என் முறை!"

"போப்பா... நீ இப்பத்தானே வெச்சே!"

ஆடு-புலி ஆட்டத்தில் தகராறு வந்தால் அநேகமாக இப்படித்தான் வரும். செத்த ஆட்டுக்காக யாரும் சட்டையைப் பிடிப்பதில்லை. யார் முறை? எது நகரலாம்? எது நகரக்கூடாது? இதில்தான் சண்டை!

திருவள்ளூரில் இருந்து திருத்தணி போகிற சாலையில் இருக்கிறது திருப்பாச்சூர். அப்பரும் சம்பந்தரும் பாடிய வாசீஸ்வரர் கோவில் உள்ள ஊர். இந்த மாவட்டத்தில்தான் காக்களூர் தொழிற்பேட்டையும், கும்மிடிப்பூண்டி சிப்காட்டும் இருக்கின்றன. ஷிப்டு வேலை பார்க்கிறவர்களுக்கு 'முறை' என்றால் என்ன என்று சொல்லித்தர வேண்டியதில்லை. அடுத்தவன் முறையில் கை வைத்தால் வம்புதான். ஆட்டத்திலும் அதே சட்டம்!

ஆடு-புலி ஆட்டத்துக்குக் காசு செலவு கிடையாது. சமதரை. ஒரு கரித்துண்டு. 15 புளியங்கொட்டை. 3 கூழாங்கல். தமிழகத்தின் பழைய கோவில்கள் பலவற்றில் கல்தரையிலேயே இந்தக் கட்டத்தைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். எல்லை தாண்டி ஆந்திராவுக்குப் போனால் இதற்கு 'புலி ஜூதம்' என்று பெயர்.

கட்டம் போடுவது எப்படி?

உச்சியில் ஒரு புள்ளி. அதில் இருந்து கீழே 4 கோடுகள். குறுக்கே 3 கோடுகள். குறுக்குக் கோடுகளின் முனைகளை இரண்டு பக்கமும் ஒவ்வொரு கோட்டால் இணைக்க வேண்டும். அடியில் 4 கால்களையும் சேர்த்து இன்னொரு கோடு. அவ்வளவுதான்.

இனி எண்ணிப் பாருங்கள். உச்சியில் 1. குறுக்குக் கோடு ஒன்றுக்கு 6 வீதம் 18. அடியில் 4. ஆக மொத்தம் 23 இடங்கள்.

புலிக்கு ஓட்டம், ஆட்டுக்கு நிறுத்தம்!

புலிகள் மூன்றும் உச்சியிலும் அதை ஒட்டியும் உட்கார்ந்து கொள்ளும். முதல் முறை ஆட்டுக்காரருக்கு. அவர் ஓர் ஆட்டை இறக்குவார். பிறகு புலிக்காரர் ஒரு புலியை நகர்த்துவார். இப்படியே மாறி மாறி.

ஒரு முறைக்கு ஒரு காய்தான். அதுவும் கோட்டு வழியே அடுத்த புள்ளி வரைதான். புலிக்கு மட்டும் ஒரு சலுகை. பக்கத்தில் ஆடு நின்று, அதே கோட்டில் அதற்கு அடுத்த இடம் காலியாக இருந்தால் தாண்டி வெட்டலாம். இரண்டு ஆடுகள் அடுத்தடுத்து நின்றால் தாண்ட முடியாது.

ஆட்டுக்கு என்ன சலுகை? ஒன்றும் இல்லை! 15 ஆடும் இறங்கி முடிகிற வரை ஓர் ஆடுகூட அசையக்கூடாது. பக்கத்தில் புலி வந்து நின்றாலும் சரி. 15-வது ஆடு இறங்குவதற்குள் புலிக்கு 14 முறை கிடைத்து விடும்!

அநியாயமா? அதுதான் இல்லை. ஆட்டத்தின் உயிரே இந்தச் சட்டத்தில்தான் இருக்கிறது.

ஓர் ஆடும் சாகாமல் 15-ம் இறங்கினால் பலகையில் 18 காய்கள். காலி இடம் ஐந்தே ஐந்து! புலிக்கு மூச்சு முட்டும். 3 ஆடுகள் போய்விட்டால் காலி இடம் எட்டு ஆகிவிடும். ஆகவே ஆட்டுக்காரர் கண்ட இடத்தில் ஆட்டை வைக்கமாட்டார். கட்டத்தின் மூலை பார்த்து வைப்பார். அங்கே தாண்டி விழ இடம் கிடையாது. பிறகு அதற்குத் துணையாக இன்னொன்று. கடைசியில் 3 புலிகளும் நகர வழி இல்லாமல் முடங்கினால் ஆடு ஜெயித்தது!

நினைத்தபோது ஆடு ஓடலாம் என்று விட்டுவிட்டால், தப்பான இடத்தில் வைத்ததற்குத் தண்டனை ஏது? யோசித்து வைக்க வேண்டிய அவசியமே போய்விடும். நேபாளத்து 'பாக் சால்' ஆட்டத்தில் 4 புலி, 20 ஆடு, 25 இடம். அங்கேயும் 20 ஆடும் இறங்கும் வரை ஆடு நகரக்கூடாது!

அதிர்ஷ்டம் தருகிற முறை

தாயக்கட்டத்தில் கதை வேறு. 'தாயம்' விழுந்தால்தான் காய் உள்ளே இறங்கும். எதிரி நாலு காயோடு சுற்றி வரும்போது, தாயம் விழாதவர் கட்டையை உருட்டிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். 1, 5, 6, 12 விழுந்தால் மறுபடி உருட்டலாம். எதிரியின் காயை வெட்டினாலும் இன்னொரு முறை. மலையில் ஏறி உட்கார்ந்த காயை யாரும் தொட முடியாது.

இதே மாதிரி 1974-ல் அமெரிக்காவில் ஓர் ஆட்டம் வெளியானது. பெயர் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. உருவாக்கியவர்கள் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன். மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஒருவர் வீரன், ஒருவர் மந்திரவாதி என்று வேடம் ஏற்று ஆடுவார்கள். சண்டை வந்தால் 20 முகப் பகடையை உருட்டி யார் முதலில் என்று முடிவு செய்வார்கள். பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து என்பது நம் ஊர் பழமொழி. அங்கே படைக்கு முந்தத்தான் பகடை!

அங்கே ஒரு சுற்று என்றால் 6 வினாடிச் சண்டை என்று கணக்கு. அதற்குள் சாதாரண மனிதன் 30 அடி நடக்கலாம். எதிரியின் கைக்கு எட்டும் இடத்தில் இருந்து சும்மா விலகினால், போகிற போக்கில் ஓர் அடி வாங்கிக்கொள்ள வேண்டும்!

உட்காரும் முன் பேசுங்க!

சதுரங்கத்துக்கு 1924-ல் பாரீசில் தொடங்கிய உலக சம்மேளனம் இருக்கிறது. உலகம் முழுக்க ஒரே சட்டம். ஆடு-புலிக்கு ஊருக்கு ஒரு சட்டம்! ஆகவே காய் வைப்பதற்கு முன்பே நாலு விஷயம் பேசிக்கொள்வது நல்லது.

* முதல் முறை யாருக்கு?

* ஒரே முறையில் 2 ஆடுகளை வெட்டலாமா?

* வெட்ட வழி இருந்தால் வெட்டியே தீரணுமா?

* எத்தனை ஆடு போனால் புலிக்கு ஜெயம்?

இப்போது செல்போனிலும் இந்த ஆட்டம் வந்துவிட்டது. தப்பாக நகர்த்தினால் செல்போனே தடுத்துவிடும். கல்தரையில் தடுக்க யாரும் இல்லை. எதிரே உட்கார்ந்திருக்கிற ஆள் ஒருவர்தான்! அவரிடம் முதலிலேயே பேசிவிட்டால் ஆடும் பிழைக்கும், சிநேகிதமும் பிழைக்கும்!